குழந்தையின் முதல் ரிமோட் கார்: எங்கே மக்கர், எங்கே பார்ப்பது

கார் நடு ஹாலில் நிற்கிறது. பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறது. பெரியவர் ஒருவர் காரைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார். குலுக்கிச் சரியான ரிமோட் காரை நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்து வரும் பேச்சு, "விடு, இதைவிட நல்லதா ஒன்று வாங்கிக்கலாம்" என்பது. அதற்கு முன்னால் கீழே உள்ளவற்றில் உங்கள் கார் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். துடைத்து மாட்டினால் போதுமா, ஒரு பாகத்தை மாற்ற வேண்டுமா, காரையே மாற்ற வேண்டுமா என்பதைக் கோளாறே சொல்லிவிடும். நான் மனதில் வைத்திருப்பது நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை.

கையில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். பொம்மை வகையில் சிக்னல் வாங்குவது, மோட்டாரை ஓட்டுவது, முன்சக்கரத்தைத் திருப்புவது எல்லாம் ஒரே சர்க்யூட் போர்டு. அது போனால் கார் போச்சு. ஹாபி வகையில் ரிசீவர், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் ஈஎஸ்சி, சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, மோட்டார் எல்லாம் தனித்தனி. சின்ன ஹாபி கார்களில் ரிசீவரும் ஈஎஸ்சியும் ஒரே பெட்டியில் இருக்கலாம். அப்போதும் அந்தப் பெட்டியை மட்டும் கழற்றி மாற்றலாம். வாங்கும்போது பெட்டியில் உள்ள படத்தைவிட இதுதான் முக்கியம்.

ஒன்றுமே அசையவில்லை

ரிமோட்டில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்குகளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. அல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உள்ளது. பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் ஒருமுறை, அப்புறம் நன்றாகக் காயவிட வேண்டும். கையுறையோடு பெரியவர் செய்ய வேண்டிய வேலை இது.

பழைய பேட்டரியையும் புதியதையும் கலந்து போடுவதுதான் கசிவுக்குப் பெரிய காரணம். நான்கில் ஒன்று முதலில் காலியாகிறது, மற்ற மூன்றும் அதைப் பிழிகின்றன. மாற்றினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

காரில் ஏஏ பேட்டரி போடுவதாக இருந்தால், மலிவான கார்பன் பேட்டரி வேண்டவே வேண்டாம். சுவர்க் கடிகாரத்துக்கு அது போதும், மோட்டார் கேட்கும் கரண்ட்டை அதனால் தர முடியாது. சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், நான்கு போட்டால் அல்கலைனின் 6 வோல்ட்டுக்குப் பதில் 4.8 கிடைக்கும். கணக்கில் குறைவாகத் தெரிந்தாலும், மோட்டார் இழுக்கும்போது அல்கலைனின் வோல்ட் சட்டென்று சரியும், இது அவ்வளவாகச் சரியாது. ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் தெரிவதில்லை.

இரண்டிலும் விளக்கு எரிந்தும் கார் கேட்கவில்லையா? இரண்டையும் அணைத்துவிட்டு முதலில் ரிமோட்டை, பிறகு காரைப் போடுங்கள். நிறுத்தும்போது தலைகீழ்: முதலில் கார், கடைசியில் ரிமோட். ரிமோட் இல்லாமல் விழித்திருக்கும் கார், அதிலும் பழைய வகை என்றால், எங்கிருந்தோ வரும் இரைச்சலைக் கட்டளை என்று நினைத்து ஓடத் தொடங்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் கார்களில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் கார் இன்னும் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, கையேட்டில் சொன்னபடி மறுபடி இணைத்துவிட்டால் தீர்ந்தது.

அதற்கும் மசியவில்லை என்றால், விசையை அழுத்திக்கொண்டே பின்சக்கரத்தைக் கையால் லேசாகத் தள்ளிவிடுங்கள். தள்ளியதும் ஓடினால் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. மோட்டாரை மாற்ற வேண்டும். அசையவே இல்லை என்றால் மோட்டார் ஒயரைப் பிரித்து, இரண்டு ஏஏ பேட்டரியை நேரடியாகத் தொட்டுப் பாருங்கள். மோட்டார் சுற்றினால் கோளாறு போர்டில். பொம்மை வகையில் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. புது போர்டு தேடி அலையும் நேரத்துக்கு அடுத்த காரைப் பற்றி யோசிக்கலாம்.

மோட்டார் கத்துகிறது, சக்கரம் சுற்றவில்லை

எனக்குப் பிடித்த கோளாறு இது. காரணம் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும்.

காரைக் கவிழ்த்து சக்கரங்களை ஒவ்வொன்றாக விரலால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றினால் சரி. மாவில் சுற்றுவதுபோல் இறுகினால், சக்கரத்துக்கும் அச்சின் பிடிக்கும் இடையில் முடி. வீட்டுக்குள் ஓடும் காருக்கு எதிரி சுவர் அல்ல, தலைமுடியும் தரைவிரிப்பின் நூலும்தான். என் மகளின் காரை ஒருநாள் பிரித்தபோது பின்னச்சில் இருந்து வந்த முடியை வைத்து ஒரு சின்னச் சவுரியே கட்டியிருக்கலாம். மோட்டார் செத்துவிட்டது என்று வீடே முடிவு செய்திருந்த கார் அது. சக்கரத்தின் நட்டைக் கழற்றி, பிளேடால் முடியை அச்சின் நீளவாட்டில் ஒரு கீறல், பிறகு இடுக்கியால் இழுத்தால் வளையமாக வந்துவிடும். பிளேடு பெரியவர் கையில். கழற்றிய ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் போடுவது பிள்ளையின் வேலை. தம்பி தங்கை மூன்று வயதுக்குள் வீட்டில் இருந்தால் அந்தக் கிண்ணத்தின்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

முடி இல்லை, சக்கரமும் தாராளமாகச் சுற்றுகிறது, மோட்டார் மட்டும் கத்துகிறது என்றால் பினியனைப் பாருங்கள். மோட்டார் தண்டின் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் அது. பொம்மை கார்களில் பிளாஸ்டிக் பினியனைத் தண்டில் அழுத்தித்தான் ஏற்றியிருப்பார்கள். அதில் முடி போல ஒரு விரிசல் விட்டாலும் தண்டு மட்டும் சுற்றும், பினியன் நிற்கும். பசை போட்டு ஒட்டுவது ஒருநாள் கூத்து. அதே பற்களின் எண்ணிக்கையும் அதே துளை அளவும் உள்ள புதியது ஒன்றை ஏற்றுங்கள். ஹாபி காரில் பினியன் உலோகம். பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்க்ரூ அதைத் தண்டோடு பிடித்திருக்கும். அந்த ஸ்க்ரூ தண்டின் தட்டையான பகுதியின்மேல் உட்கார வேண்டும். ஒரு துளி திரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) வைத்து இறுக்கினால் மறுபடி கழறாது.

மோட்டாரைத் திரும்பப் பொருத்தும்போது பினியனும் பெரிய பல்சக்கரமும் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி வரும். மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை இரண்டு பற்களுக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை அதன்மேல் அழுத்தி ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு பல்சக்கரத்தைச் சுற்றி காகிதத்தை வெளியே எடுங்கள். மடிப்பு மடிப்பாக, ஆனால் கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. கிழிந்தால் மிக நெருக்கம். மடிப்பே விழாவிட்டால் மிகத் தளர்வு. முதல் மோதலிலேயே பல் வழுக்கித் தேய்ந்துவிடும்.

இன்னொன்று: பல்சக்கரம் எல்லாம் சுற்றுகிறது, அச்சும் சுற்றுகிறது, சக்கரம் மட்டும் நிற்கிறது. அச்சில் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும் அறுகோணத் துண்டு உருண்டு போயிருக்கிறது. ஹாபி கார்களில் 12 மில்லிமீட்டர் அறுகோணம் மிகப் பரவலான அளவு, தனியாகவே கிடைக்கும். இந்த ஒரு பாகத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உலோகமாக மாற்றலாம்.

நேராகப் போகாமல் ஒரு பக்கமே இழுக்கிறது

எல்லோரும் முதலில் தொடுவது ரிமோட்டில் உள்ள, முன்சக்கரத்தின் நடுநிலையைச் சற்றே இடமோ வலமோ நகர்த்தும் டிரிம் குமிழை. நான் கடைசியில்தான் தொடுவேன். ஒரு பக்க முன்சக்கரத்தில் முடி சிக்கி இழுத்தாலும் கார் அந்தப் பக்கம்தான் போகும். அதை டிரிம்மால் மறைத்தால் நாளைக்குச் சக்கரமே நின்றுவிடும். சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தாயிற்று, முன்பக்கத் தண்டு ஏதும் வளையவில்லை என்றால் அப்போது டிரிம்.

கை விட்டதும் சக்கரம் நடுவுக்கு வராமல் பாதியில் நின்றால், பொம்மை காரில் உள்ளே ஒரு சிறு ஸ்பிரிங் நழுவியிருக்கும் அல்லது மணல் அடைத்திருக்கும். ஹாபி காரில் சர்வோவுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சர்வோ சேவர் என்று ஸ்பிரிங் வைத்த ஒரு துண்டு இருக்கும், மோதும்போது அடியைத் தான் வாங்கிக்கொள்வது அதன் வேலை. அது தளர்ந்தால் கார் குடிகாரனைப்போல் அலையும். சர்வோவே 'கிர்ர்' என்று பல் இல்லாமல் சுற்றினால் அதை மாற்றும்போது உலோகப் பல் உள்ள சர்வோவாகப் போடலாம், ஆனால் சர்வோ சேவர் நல்ல நிலையில் இருந்தால் மட்டும்.

பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது

இது கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். 500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரி, சராசரியாக 3 ஆம்பியர் இழுக்கும் மோட்டார்: அரை ஆம்பியர் மணியை மூன்றால் வகுத்தால் 10 நிமிடம். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் கணக்கு இதுதான். அதே மோட்டாருக்கு 1000 எம்ஏஎச் போட்டால் 20 நிமிடம். வோல்ட்டும் பிளக்கும் ஒன்றாக இருந்து, பேட்டரிக் குழியில் உட்கார்ந்தால் முதல் மேம்பாடாக நான் இதைத்தான் சொல்வேன். பேட்டரி தீர்ந்ததும் அழுகை தொடங்கும் வீடுகளில் ஒரே அளவில் இரண்டு பேட்டரி வைத்திருப்பது இன்னும் உசிதம்.

முன்பு அரை மணி ஓடியது, இப்போது பத்து நிமிடம் என்றால்தான் கோளாறு. மோட்டாரைத் தொடுங்கள். ஐந்து நொடி விரல் வைக்க முடியாத அளவு சூடு என்றால் எங்கோ உராய்வு. முடிப் படலத்துக்குத் திரும்பிப் போங்கள். மோட்டார் சூடாக இல்லை, பேட்டரிதான் சீக்கிரம் காலியாகிறது என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

ஹாபி காரில் ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று விக்கி விக்கி மெதுவாகிறதா? லித்தியம் பாலிமர், அதாவது லைப்போ பேட்டரி போட்டிருந்தால் ஈஎஸ்சி அதைக் காப்பாற்றுகிறது. ஒரு லைப்போ செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், சராசரியாக 3.7, 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் கெடும். அதற்கு முன்பே ஈஎஸ்சி கரண்ட்டைக் குறைத்துவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி கொஞ்ச தூரம் ஓடும் என்பதைப் பிள்ளைகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். அதைப் பழக்கமாக்க விடாதீர்கள். நிக்கல் பேட்டரிக்கென்று அமைத்த ஈஎஸ்சியில் லைப்போ மாட்டினால் இந்தக் காவல் இருக்காது. மாட்டும் முன் அமைப்பை மாற்றியாக வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஓடி முடித்த பேட்டரி ஆறிய பிறகே சார்ஜ். அந்த பேட்டரிக்கு உரிய சார்ஜரில், ஓடு அல்லது கல் தரையின்மேல், ஆள் இருக்கும்போது மட்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. தலையணைபோல் உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். அதன் ஆயுள் முடிந்தது, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். வாரக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் லைப்போவை முழுச் சார்ஜிலும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைப்பது வழக்கம். பிளக்கைப் பிடுங்குவதும் மாட்டுவதும் பெரியவர் வேலை.

கொஞ்ச தூரம் போனதும் கேட்பதில்லை, தானாகவும் திரும்புகிறது

முதலில் ரிமோட்டின் பேட்டரியை மாற்றுங்கள். காரின் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு ரிமோட்டை மறந்துவிடுவது வழக்கம்.

பழைய 27 மெகாஹெர்ட்ஸ் அல்லது 49 மெகாஹெர்ட்ஸ் கார்கள் என்றால், பக்கத்தில் அதே அலைவரிசையில் இன்னொரு கார் ஓடினாலே போதும், ஒருவர் ரிமோட்டுக்கு இரண்டு காரும் ஆடும். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கு நீளமே சுமார் 2.8 மீட்டர். காரில் இருக்கும் சாண் நீள ஆண்டெனா அதற்கு ஒப்புக்குத்தான். அதையும் மடித்துச் சுருட்டினால் தூரம் இன்னும் குறையும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தக் கால் பங்கு 3.1 சென்டிமீட்டர்தான். அதனால் ரிசீவரில் இருந்து வரும் மெல்லிய ஒயரின் நுனியில் உறை உரிந்த சிறு பகுதி மட்டுமே உண்மையான ஆண்டெனா. அதை மோட்டாரிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் தள்ளி, நிமிர்த்தி வையுங்கள். நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள்.

மோட்டார் வேகமெடுக்கும்போது மட்டும் சக்கரம் துடித்தால், மோட்டாரின் பின்னால் ஒட்டியிருக்கும் சிறிய வட்ட கெப்பாசிட்டரைப் பாருங்கள். பிரஷ் பொறியால் வரும் இரைச்சலை அடக்குவது அது. அதன் கம்பிக்கால் விட்டுப்போயிருந்தால் 104 என்று எழுதிய புதியது ஒன்றைச் சால்டர் வைத்தால் துடிப்பு அடங்கும்.

ரிவர்ஸ் போகவில்லை

ஹாபி கார்கள் பலவற்றில் பின்பக்கமாக ஒருமுறை தள்ளினால் பிரேக், விட்டுவிட்டு மறுபடி தள்ளினால்தான் ரிவர்ஸ். கெட்டுப்போகவில்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

கார் நன்றாகத்தான் இருக்கிறது, பிள்ளைதான் தப்பாகத் திருப்புகிறது

விலகிப் போகும் காரைப் பிள்ளை அருமையாக ஓட்டும். அதே கார் திரும்பி எதிரே வந்ததும் இடமும் வலமும் மாறிவிடும். நேரே சோபாவுக்கு அடியில். பெரியவர்களுக்கும் முதல் நாள் இதே கதைதான். "வலது பக்கம் திருப்பு, வலது!" என்று பின்னாலிருந்து கத்துவதால் பயனில்லை, எந்த வலது என்பதுதான் குழப்பமே. கார் போகும் பக்கமே உடம்பையும் திருப்பி நிற்கச் சொல்லுங்கள். எதிரே வரும்போது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து ஓட்டலாம். இன்னொரு வழி, காரின் பின்னாலேயே நடந்து ஓட்டுவது. ஐந்து வயதுக்கு இதுதான் இயல்பாக வருகிறது.

இங்கேதான் வேகம் முக்கியமாகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடும் கார் ஒரு நொடியில் 8.3 மீட்டர் போகும். பிள்ளை யோசிக்க அரை நொடி எடுத்தால் கார் 4 மீட்டர் தாண்டிவிட்டது, அறையே அவ்வளவுதான். மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் அதே அரை நொடியில் 1.4 மீட்டர்தான். பிள்ளை ஓடிப் பிடிக்கக்கூடிய வேகம்தான் பிள்ளையின் முதல் காருக்குச் சரியான வேகம். ரிமோட்டிலோ ஈஎஸ்சியிலோ வேகத்தைக் குறைத்துக் கட்டும் வசதி இருந்தால் அந்தக் காரை விடாதீர்கள். டிராக்சஸ் என்ற ஹாபி கார் நிறுவனத்தின் எக்ஸ்எல்-5 ஈஎஸ்சியில் டிரெய்னிங் மோட் என்று ஒன்று உண்டு, முன்னோட்டமும் பின்னோட்டமும் பாதியாகிவிடும். பல நிறுவனங்களின் தொடக்க நிலை ரிமோட்டுகளில் இதற்கென்று ஒரு குமிழோ சுவிட்சோ இருக்கும்.

ரிமோட்டின் அளவையும் பாருங்கள். துப்பாக்கிப் பிடி வகையில் விசைக்கு விரல் எட்டாமல், பிள்ளை இரண்டு கையாலும் அழுத்தினால் எப்போதுமே முழு வேகம்தான். எட்டவில்லை என்றால் இரண்டு கட்டைவிரலால் ஓட்டும் வகை நல்லது.

அதே இடமே திரும்பத் திரும்ப உடைகிறது

மேம்படுத்த வேண்டிய இடத்தை கார் தானே காட்டுகிறது. ஒருமுறை உடைந்தால் விபத்து. மூன்றாவது முறையும் அதே கை (சக்கரத்தைக் காரோடு பிடித்திருக்கும் துண்டு), அதே பல் என்றால் அங்கே மாற்றம் வேண்டும்.

முன்பக்கத் தொங்கல் கை உடைகிறதா? உலோகக் கை வாங்கத் தோன்றும். முதலில் அகலமான, மெத்தென்ற பம்பர் ஒன்று போட்டுப் பாருங்கள். கெட்டியான ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டினால்கூட வேலை செய்யும். உலோகத்தின் சிக்கல், அது அடியை அடுத்தவருக்குத் தள்ளிவிடும் என்பது. மலிவான பிளாஸ்டிக் பல் உடைவது வீட்டில் ஃபியூஸ் போவதைப்போல. அதை எஃகாக்கினால் அடுத்த அடி டிஃபரன்ஷியலுக்கோ (இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) அச்சுக்கோ போகும். பிள்ளைகள் முழு வேகத்தில் இருந்து அப்படியே ரிவர்ஸ் போடுவார்கள். எந்தப் பல்லும் அதற்கென்று செய்யப்படவில்லை. முழுதாக நின்ற பிறகுதான் ரிவர்ஸ் என்று பழக்குவது உலோகப் பல்லைவிட மலிவு.

காசு போட்டால் கண்ணுக்குத் தெரியும் பலன் தருவது பால் பேரிங். மலிவான ஹாபி கார்களில் அச்சு பிளாஸ்டிக் அல்லது பித்தளைப் புஷ்ஷில், அதாவது குண்டுகள் இல்லாத வெறும் வளையத்தில் சுற்றும். அவற்றை பேரிங்காக மாற்றினால் மோட்டாரின் சூடு குறையும், ஓடும் நேரம் கொஞ்சம் கூடும். உள்வட்டம், வெளிவட்டம், தடிமன் மூன்றையும் அளந்து வாங்குங்கள். 1/10 அளவு (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு) கார்களில் 5×11×4 மில்லிமீட்டர் பரவலானது. பளபளத் தரையில் கார் சுழன்று விழுகிறது என்றால் மென்மையான ரப்பர் டயர் போதும்.

"இன்னும் வேகமா போகணும்"

பெரும்பாலும் இதைக் கேட்பது பிள்ளை அல்ல, அப்பா. பினியனில் ஓரிரண்டு பல் கூட்டினால் வேகம் கூடும், கூடவே மோட்டார் சூடும். பொம்மை காருக்கு இரட்டிப்பு வோல்ட் கொடுத்தால் ஒரு மாலை பறக்கும், அப்புறம் போர்டிலிருந்து வாசனை வரும். பிரஷ் இல்லாத மோட்டார் இந்த வயதுக்கு வேண்டாம்.

உண்மையிலேயே அடுத்த காருக்கு நேரம் வந்துவிட்டது என்பதற்கு என் அளவுகோல் வேறு: நாலைந்து செருப்புகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே எதையும் இடிக்காமல் போய்த் திரும்பி வரத் தெரிந்துவிட்டதா? தெரிந்துவிட்டால் 1/18 அல்லது 1/16 அளவில், பாகம் பாகமாகக் கழற்றக்கூடிய ஹாபி கார் ஒன்று. விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம், எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவு திருப்பம் என்று இருக்க வேண்டும். 1/10 கார் பார்க்க கம்பீரம்தான். ஆனால் பல மாடல்கள் இரண்டு கிலோவை ஒட்டி எடை இருக்கும், கணுக்காலில் வந்து மோதினால் தெரியும். வயது 14 என்று பெட்டியில் போட்டிருந்தால், பெரியவர் பக்கத்தில் இருந்து ஓட்ட வேண்டிய கார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்கும் முன் ஒரே ஒரு வேலை. அந்த மாடலின் முன்பக்கக் கை, பெரிய பல்சக்கரம், சர்வோ மூன்றும் தனியாக விற்பனைக்கு உண்டா என்று தேடுங்கள். மூன்றும் கிடைத்தால் வாங்கலாம். 1984இல் வந்த டாமியா நிறுவனத்தின் கிராஸ்ஹாப்பர் என்ற ஹாபி காரை மறுவெளியீட்டில் இன்றும் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் வேகம் அல்ல, பாகம் கிடைப்பது.

வாங்கி வந்த அன்று, முதல் பேட்டரி தீர்ந்ததும் காரைக் கவிழ்த்து எல்லா ஸ்க்ரூவையும் சக்கர நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். புதுக் காரில் முதல் ஓட்டத்திலேயே தளர்வது இவைதான். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவை இறுகியதோடு விட்டுவிடுங்கள், இன்னும் அரைச் சுற்று சேர்த்தால் மரை போய்விடும்.